இல்ல, வரேன் சார்

என் வீட்டுக்காரர் தங்கதுரைக்கு எந்தப் பேச்சையும் 'இல்ல' போடாமல் ஆரம்பிக்கத் தெரியாது. சாப்பிட்டீர்களா என்று கேட்டால் "இல்ல, சாப்பிட்டேன்" என்பார். அருப்புக்கோட்டையில் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று என் அப்பா கேட்டார். "இல்ல, பிடிச்சிருக்கு" என்றார் இவர். முதல் சொல்லுக்கும் இரண்டாவது சொல்லுக்கும் நடுவில் என் அம்மாவுக்குப் படபடவென்று வந்து, தண்ணீர் கொடுத்து உட்கார வைக்க வேண்டியதாகிவிட்டது.

கல்யாணமாகி நாலு வருடம் பெங்களூரில் மடிவாளாவில் இருந்தோம். 2004இல் இவருடைய கம்பெனி, மெஷின் ஷாப்பை மட்டும் ஓசூர் சிப்காட்டுக்கு மாற்றியது. சாமான் ஏற்றிய வண்டி அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டிய நிமிஷத்தில் நான் புலம்ப ஆரம்பித்தேன். அங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர், இங்கே லாரிக்குக் காத்துக் கிடக்க வேண்டும். அங்கே கடை கண்ணி என்றால் கடை கண்ணி, இங்கே பஸ் ஸ்டாண்டை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. மழைகூட அங்கே பெய்தால் ஒரு அழகு, இங்கே பெய்தால் வெறும் சேறு என்று சொன்னேன். இரண்டு ஊருக்கும் நடுவில் நாற்பது கிலோமீட்டர்தான் என்று இவர் ஒருநாளும் எடுத்துச் சொன்னதில்லை.

உண்மையைச் சொல்ல வேண்டுமானால், மடிவாளாவில் எனக்கு ஒன்றுமே இல்லை. மாடியில் ஒற்றை அறை. இவர் காலையில் ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறினால் திரும்பி வர இரவாகிவிடும். எனக்குக் கன்னடம் தெரியாது. காய்காரரிடம் விரலை நீட்டித்தான் கத்தரிக்காய் வாங்கினேன். அந்த நாலு வருடத்தில் நான் அதிகம் பேசியது என் மகள் தர்ஷினியிடம்தான், அவளுக்கோ அப்போது பேச்சே வரவில்லை.

ஓசூருக்கு வந்த இரண்டாவது வருடம், பக்கத்து வீட்டு நஞ்சம்மா தளி ரோட்டில் ஒரு ரோஜாப் பண்ணைக்கு என்னை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வெளிநாட்டுக்குப் போகிற ரோஜா. காம்பை அளந்து, தரம் பிரித்து, இருபது இருபதாகக் கட்டி, அட்டை சுற்றிக் குளிர் அறையில் வைக்க வேண்டும். இரண்டே வருடத்தில் என்னைப் பேக்கிங் ஷெட்டுக்கு சூப்பர்வைசராகப் போட்டுவிட்டார்கள். எனக்குக் கீழே நஞ்சம்மாவையும் சேர்த்து இருபத்தாறு பெண்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று ஆளுக்கொரு பாஷை. 'சீக்கிரம்' என்று ஒரு தடவை சொன்னால் மூன்றில் ஒரு பங்குப் பேர்தான் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதால் 'சீக்கிரம், பேக, தொந்தரகா' என்று சேர்த்தே கத்தப் பழகிக்கொண்டேன். அந்த வேலை எனக்கு உயிராகிவிட்டது. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் பெங்களூர்ப் புலம்பலை நான் நிறுத்தவில்லை. அது பாட்டுக்கு அது.

2008 ஜனவரியில், காதலர் தினத்துக்கான பூ மலை மலையாக வந்து குவிந்த நேரத்தில், இவர் ஒருநாள் சிரித்த முகமாக வந்தார். பெங்களூர் ஹெட் ஆபீஸில் ஒரு இடம் காலியாம். இவராகவே போய்க் கேட்டாராம். கிடைக்கும்போல் இருக்கிறதாம். "இல்ல, உனக்காகத்தான் கேட்டேன்" என்றார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

எனக்கு ஷெட் ஞாபகம்தான் முதலில் வந்தது. ஆனால் என் வாய் இருக்கிறதே, அது "நல்லதாப் போச்சு" என்றது. நாலு வருடம் ஒரே பாட்டைப் பாடிவிட்டு, இப்போது எனக்கு அங்கே போகப் பிடிக்கவில்லை என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன்? வெட்கமாக இருந்தது.

இவராகவே வேண்டாம் என்று சொல்லும்படி செய்துவிடலாம் என்று பார்த்தேன். தர்ஷினியின் படிப்பு நடுவில் கெடுமே என்றேன். ஜூனில் போனால் போதும் என்று கேட்டுக்கொண்டு வந்தார். அங்கே வாடகை அதிகமாச்சே என்றேன். கம்பெனியே வீடு தருகிறது என்றார். பெங்களூர்க் குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளாதே என்றேன். தினமும் குளிர் அறைக்குள் போய் வருகிறவள் சொல்கிற பேச்சா இது என்று எனக்கே தோன்றியது. இவர் மறுநாள் ஒரு கம்பளி வாங்கிக்கொண்டு வந்தார். கல்யாணமான நாளிலிருந்து இவர் என் பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

விஷயம் தெரிந்ததும் நஞ்சம்மா என்னுடன் பேசுவதை நிறுத்திவிட்டாள். வேலையில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை, அதுதான் இன்னும் வலித்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு இவர் வந்தார். முகம் சரியில்லை. "இல்ல, ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று ஆரம்பித்தார். எச்.ஆர். அதிகாரி போன் செய்தாராம். கன்னடக்காரர். பர்த்தீரா, வருகிறீர்களா, என்று கேட்டாராம். இவர் வழக்கம்போல "இல்ல, வரேன் சார்" என்றிருக்கிறார். கன்னடத்திலும் இல்ல என்றால் இல்லைதான். அந்த மனுஷர் முதல் சொல்லோடு நிறுத்திக்கொண்டு, 'ஆய்து', சரி ஆகட்டும், என்று போனை வைத்துவிட்டாராம்.

எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று ஆகிவிட்டது. ஆனாலும் ஒப்புக்காவது திட்ட வேண்டுமே. ஒரு வார்த்தையை ஒழுங்காகச் சொல்லத் துப்பில்லையா, ஊர் உலகத்தில் இப்படி ஒரு ஆள் உண்டா என்று ஒரு மூச்சுத் திட்டினேன். கொஞ்சம் நன்றாகவே திட்டிவிட்டேன் போலிருக்கிறது. இவர் தலையாட்டிவிட்டு, ஆறு மணி வரை ஆபீஸில் ஆள் இருப்பார்கள், இப்போதே பேசிச் சரிசெய்துவிடலாம் என்று பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார். நம்பரைத் தேடினார். காதில் வைத்தார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"வைங்க அத. பண்ணாதீங்க. எனக்கு அங்க போக வேணாம்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

இவர் போனைக் காதிலிருந்து எடுத்தார். அது யாருக்கும் போகவேயில்லை. சும்மா காதில் வைத்திருந்திருக்கிறார். அந்த அதிகாரி தமிழில்தான் கேட்டாராம். வரவில்லை என்று இவரும் தெளிவாகத்தான் சொன்னாராம்.

"இல்ல, போன வாரம் நீ சுவெட்டரை மறந்துட்டுப் போயிட்டன்னு ஷெட்டுக்குக் கொண்டாந்தேன். வாசல்லயே நின்னுட்டேன். இருபத்தாறு பேரை மூணு பாஷையில விரட்டிக்கிட்டு இருந்த. நான் நின்னதே உனக்குத் தெரியல. மடிவாளாவுல நீ வாய்விட்டுப் பேசி நான் பாத்ததில்லயே" என்றார். சுவெட்டரை நஞ்சம்மா கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டாராம். அவள்தான் என்னுடன் பேசுவதில்லையே, யார் கொண்டுவந்தது என்று சொல்லவில்லை.

எனக்குக் கோபமும் வந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன்.

"இல்ல, கேட்டா பெங்களூர்னுதான் சொல்லியிருப்ப."

சொல்லியிருப்பேன்தான். நாலு வருடம் நான் சொன்னதையெல்லாம் கேட்ட மனுஷர், கடைசியில் அதை நம்பாமல், கண்ணால் பார்த்ததை நம்பியிருக்கிறார். அப்போதுதான் எனக்கு அந்தக் கேள்வி தோன்றியது. இத்தனை நாளில் ஒரு தடவைகூட நான் அதைக் கேட்டதில்லை.

"உங்களுக்குப் போகணும்னு ஆசை இருந்துச்சா?"

இவர் குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இருந்துச்சு" என்றார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அங்கே என்ன வேலை, என்ன பதவி, யாருக்கு மேலே யாருக்குக் கீழே என்று முதல் தடவையாகக் கேட்டேன். அசிஸ்டன்ட் மேனேஜராம், தனி டேபிளாம், ஜன்னல் ஓரமாம். இவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஏழு மணி வரைக்கும் நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.