விபூதிமேல் ஒட்டிய பீடிங்

1.

இந்தக் கதை பிறந்தது ஒரு பொய்யில். கதை என்றாலே பொய்தானே என்று தத்துவம் பேச வராதீர்கள். இது நானே சொன்ன பொய். வேங்கிக்கால் குடியிருப்போர் வாட்ஸப் குழுவில், வீடியோவோடு சொன்னேன்.

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்:

கார் அலங்காரக் கடையில் வேலை பார்க்கும் ஜானி பாஷா ஒரு ஏமாற்றுக்கா—

(அடித்துவிட்டேன். அந்த மனிதர் யாரையும் ஏமாற்றியதில்லை.)

அண்ணாமலையார் மலைமேல் மேகம் கவிந்த ஒரு மாலையில்—

(மலையை இழுத்துவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்ற நப்பாசை. இந்த ஊரில் பேனா பிடித்த எல்லாருக்கும் உள்ள வியாதி.)

சரி, நடந்ததையே சொல்லித் தொலைக்கிறேன்.

2.

புதுக் கார், வெள்ளை நிறம். கதவில் கீறல் விழாமலிருக்க நீளமாக ஒரு பட்டை ஒட்டுவார்கள், பீடிங் என்பார்கள். திருகாணி கிடையாது, இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்தான். ஜானி பாஷா கதவை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார்.

"இனிமே கை வெக்காதீங்க சார். வெரல் பட்டாகூட டேப் பிடிக்காது."

[அடிக்குறிப்பு மாதிரி: இதை வாசகர் மறக்கக் கூடாது. நான் வசதியாக மறந்தேன்.]

அவர் டேப் வெட்டத் திரும்பினார். நான் கோயிலிலிருந்து கொண்டுவந்த விபூதியை மூன்று விரலால் கதவின் நீளத்துக்கும் இழுத்தேன், சரியாகப் பீடிங் வரவேண்டிய இடத்தில்.

"சார்... அத நீங்களே தொடச்சிட்டீங்கன்னா..."

"விபூதியத் தொடைக்கிறதா? என்னய்யா பேசற? மேலயே ஒட்டு."

"பிடிக்காது சார்."

"அண்ணாமலையார் பிடிச்சிப்பாரு. ஒட்டுய்யா!"

ஒட்டினார். கட்டைவிரல் சிவக்கச் சிவக்க அழுத்தினார், பாவம்.

3.

மறுநாள் கிரிவலப் பாதையில் பீடிங் கழன்று ஓர் ஆட்டோவின் முன்னால் விழுந்தது. எடுத்துத் திருப்பினேன். டேப் நெடுக மூன்று வெள்ளைக் கோடுகள். டேப் நன்றாகத்தான் ஒட்டியிருந்தது, விபூதியோடு.

விபூதி ஒட்டிய பின்பக்கம் தெரியாதபடி வீடியோ எடுத்தேன். 'ஒரே நாளில் கழன்றது. இதுதான் ஜானி பாஷா வேலை' என்று குழுவில் போட்டேன். கடை முதலாளியும் அதில் இருக்கிறார். சாயங்காலமே ஜானி பாஷாவை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்.

இந்த இடத்தில் பாத்திரம் எனக்கே நம்பும்படி வரவில்லை. பதினோரு வருஷம் அங்கே உழைத்தவர் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாமே? ஏன் சொல்லவில்லை?

எப்படிச் சொல்வார்? ஜானி பாஷா என்ற பெயரை வைத்துக்கொண்டு, இந்த ஊரில், 'விபூதியால்தான் கழன்றது' என்றா? அவர் சொல்லமாட்டார் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் வீடியோ போட்டேன். எழுதவே கூசுகிறது.

4.

முடிவு அ: ஜானி பாஷா சொந்தக் கடை திறந்து ஓஹோவென்று வருகிறார். (எனக்கு மிகவும் பிடித்த முடிவு. நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை.)

முடிவு ஆ: நான் நேரே முதலாளியிடம் போய் உண்மையைச் சொல்—

இதுவரை படித்த என் மனைவி அருணாதேவி தாளை மேசையில் விட்டெறிந்தாள்.

"கதையா இவ்ளோ எழுதறீங்களே, குரூப்புல ரெண்டு வரி போட கை வரலையா?"

"இலக்கியம்னா என்னன்னா—"

"இலக்கியமாம்! அந்தாளு வேலையில்லாம வூட்ல உக்காந்துனு இருக்காரு."

5.

அந்தக் குழுவில் நூற்று நாற்பது பேர். முதலாளி உட்பட, கதை படிக்கிற பழக்கம் ஒருவருக்கும் கிடையாது. இல்லாவிட்டால் நான் இதை எழுதியிருப்பேனா?

முடிவை உங்களிடமே விடுகிறேன். உங்களில் யாருக்காவது அந்த முதலாளியைத் தெரிந்தால் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.