லெமாவின் தோட்டம் மலையிறங்கியது

மச்சாமே மலைச்சரிவில், காட்டின் ஓரத்தில் இருந்த அமினியேல் லெமாவின் தோட்டம், எழுபத்து மூன்றாம் ஆண்டு ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, வீடு, மனைவி, இரண்டு ஆடுகள், நூற்று நாற்பது வாழை, சுற்றுவேலி ஆகிய அனைத்தோடும் அரை மைல் கீழிறங்கி, அவனுடைய மைத்துனன் முனிசியின் முற்றத்தில் வந்து நின்றது. மழை அப்போது ஏழாவது வாரமாகப் பெய்துகொண்டிருந்தது. அன்று சந்தையில் வாழைக்குலை மூன்று ஷில்லிங்குக்கு விற்றது. தோட்டம் இறங்கிய செய்தி வந்த பிறகும் மூன்று ஷில்லிங்குக்கே விற்றது.

அந்தச் சரிவின் மண்ணைச் சொல்லாமல் லெமாவைச் சொல்ல இயலாது. மலையின் உச்சியில் கிடக்கும் வெண்பனியைக் காண்பவர்க்கு நீறணிந்த அடியார் ஒருவரின் நெற்றி நினைவுக்கு வரும். மலையின் மடியிலோ கிடப்பது உண்மையாகவே நீறுதான். என்றோ மலை உமிழ்ந்த சாம்பல், காடு உதிர்த்த சருகையெல்லாம் தின்று தின்று கறுத்து மண்ணாகிவிட்டது. நீறு பூசியவரெல்லாம் அருளாளர் அல்லர் என்பதற்கு அந்த மண்ணே போதிய சான்று. கூடை நிறைய அள்ளித் தலையில் வைத்தாலும் பஞ்சுபோல் எடை தெரியாது. ஒரு பிடியைப் பிழிந்தால் குவளைத் தண்ணீர் கொட்டும். பிழியாதவரை ஒரு சொட்டும் கசியாது. விரல்களுக்கிடையே தேய்த்தால் வெண்ணெயாய் இளகும். விட்டுவிட்டால் ஒன்றுமே நடவாததுபோல் மீண்டும் இறுகி அமர்ந்துகொள்ளும். ஒருமுறை முற்றக் காய்ந்துவிட்டாலோ, பிறகு வானமே பிளந்து பெய்தாலும் பழையபடி நனையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இட்ட உரத்தையெல்லாம் விழுங்கி வைத்துக்கொள்ளும். பயிர் கேட்டால் கொடுக்காது. நிலத்தைப் பொறுமைக்கு உவமை சொன்ன முன்னோர் நல்லவேளையாக இந்தச் சரிவில் மண்வெட்டி பிடித்ததில்லை.

அவ்வூரில் இதற்கு இணையான பழைய மரபு ஒன்றும் உண்டு. ஆளாகும் சடங்கை முடித்த ஆண்மகன் அதன்பின் ஆயுள் முழுதும் மலங்கழிப்பதில்லை. சடங்கிலேயே அவ்வழி அடைக்கப்பட்டுவிடும் என்பது ஆண்களின் கூற்று. பெண்கள் அதை நம்புவதாகக் காட்டிக்கொள்வது இல்லறத்தின் தலையாய அறங்களுள் ஒன்று. சடங்கு நின்று ஒரு தலைமுறை கழிந்த பின்னும் அந்தப் பெருமையை மட்டும் எவரும் கைவிடவில்லை. தேவைப்பட்ட நேரத்தில் "மாட்டைப் பாத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, மாடில்லாத திசையில் நடந்தார்கள். லெமாவின் மனைவி ஐக்கா, காப்பிச் செடிக்கு எருவிட்டபடி அடிக்கடி சொல்வாள்: "இந்த மண்ணும் நம்ம ஊர் ஆம்பளைங்க மாதிரிதான். உள்ள போறது தெரியும், வெளிய வர்றதை யாரும் பாத்ததில்ல."

லெமாவுக்கும் முனிசிக்கும் வழக்கு தொடங்கியது பதினேழு ஆண்டுகளுக்கு முன். காப்பிச் சங்கத்தார் வீட்டுக்கு எட்டு மூட்டை வீதம் உரம் கொடுத்தார்கள். முனிசி அப்போது கால் முறிந்து கிடந்தான். தன் பங்கையும் வாங்கி வைக்குமாறு தங்கையின் கணவன் என்ற நம்பிக்கையில் லெமாவிடம் சொல்லி அனுப்பினான். லெமா தன் எட்டு மூட்டையைத் தன் தோட்டத்தில் இட்டான். வாழை ஓர் இலைகூடக் கூடுதலாக விடவில்லை. மண்ணுக்கு இன்னும் பசி போலும் என்று எண்ணி, மைத்துனனின் எட்டையும் இட்டான். மண் அதையும் விழுங்கிவிட்டு, ஏப்பமும் விடாமல் கிடந்தது. ஊன்றுகோலோடு வந்து கேட்ட முனிசியிடம் லெமா முழு உண்மையைச் சொன்னான்.

"மண்ணு தின்னுடுச்சு மச்சான்."

"மண்ணு தின்னுச்சா? சரி மாப்ளே. இனிமே அந்த மண்ணையே மச்சான்னு கூப்பிட்டுக்க."

அன்றோடு ஐக்காவுக்குப் பிறந்த வீட்டின் வாயில் அடைபட்டது. பண்டிகைக்கு ஆடு அறுத்தால் விலாப் பங்கு கட்டிக்கொடுத்த தங்கைக்குரியது. முனிசி அதை ஆண்டுதோறும், தங்கை காதுக்கு எட்டும்படி ஊரறிய, நாய்க்குப் போட்டான். அந்த நாய் மூன்று தலைமுறையாக நல்ல உடற்கட்டோடு வளர்ந்தது. இவற்றையெல்லாம் ஐக்கா பொறுத்தாள். பொறுக்க முடியாதது மூன்றாம் ஆண்டில் நடந்தது. தந்தை இறந்து, வழக்கப்படி வீட்டுக்குப் பின்னால் வாழைகளுக்கிடையே அடக்கம் செய்யப்பட்டார். பெற்ற பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி மண் இட வேண்டும். ஐக்கா தன் தோட்டத்து மண்ணில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு போனாள். வெட்டரிவாளோடு வாயிலில் நின்ற முனிசி, "அந்தத் திருட்டு மண்ணை எங்கப்பா மேல போடாத" என்று திருப்பி அனுப்பிவிட்டான். மூடிய கையோடு திரும்பிய அவள் மூன்று நாள் அந்தக் கையைத் திறக்கவில்லை. ஒற்றைக் கையால் சமைத்தாள், பால் கறந்தாள். நான்காம் நாள் விரல்கள் தாமே விரிய, பிடி மண் தோட்டத்திலேயே விழுந்தது. மண் அதையும் வாங்கி வைத்துக்கொண்டது. அதன்பின் அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: சாவதற்குள் தகப்பன் மேல் ஒரு பிடி மண் இட வேண்டும்.

வழி இல்லாமலில்லை. தோட்டங்களின் எல்லையில் வேலியாக நிற்கும் இசாலே என்னும் நீளிலைச் செடிதான் அங்கே மன்னிப்பின் அடையாளம். குற்றம் செய்தவன் அதன் இலையை முடிச்சிட்டு நடுவர் ஒருவர் கையில் கொடுத்தனுப்புவான். இலையைக் கையில் வாங்கியவன் மன்னித்தே ஆக வேண்டும். மறுத்தால் குலம் தழைக்காது. லெமா ஆண்டுக்கொன்றாக இலை அனுப்பினான். கோயில் மணியடிக்கும் சுவாய்தான் தூதன். முனிசியோ சட்டம் அறிந்தவன். இலையை மறுத்தால்தானே பாவம், வாங்காமலிருந்தால் பாவமில்லையே என்று கண்டுபிடித்தான். சுவாய் வரும்போதெல்லாம் அவனுடைய ஒரு கையில் அரிவாளும் மறு கையில் ஆட்டுக் கயிறும் இருக்கும். "கை ரெண்டும் சோலியா இருக்கே அண்ணே, அடுத்த வருசம் பாப்பம்" என்பான். சுவாய்க்கும் அவசரமில்லை. ஒவ்வொரு தூதுக்கும் மேல்வீட்டில் ஒரு சுரைக்குடுவை வாழைக்கள், கீழ்வீட்டில் ஒரு சுரைக்குடுவை. சமாதானம் வந்தால் இரண்டும் நின்றுவிடும் என்பதைக் கணித்துணர அவன் பெரிதாகப் படித்திருக்க வேண்டியதில்லை.

அந்தச் சனிக்கிழமை பதினேழாம் இலையோடு போன சுவாய் வெறுங்குடுவையோடு திரும்பி வந்தான். லெமா சற்று முன்தான் மாட்டைப் பார்க்கப் போயிருந்தான். ஐக்கா மட்டும் முற்றத்தில் நின்றிருந்தாள்.

"வாங்குனானா?"

"கை சோலியா இருக்குதாம்."

"விலா?"

"நாய்க்குத்தான். கொழுப்பை மட்டும் அது தொடல தாயி. அதுக்கும் வயசாச்சில்ல."

நாய் வேண்டாமென்று ஒதுக்கிய கொழுப்பு ஐக்காவை என்ன செய்ததென்று தெரியவில்லை. பதினேழு ஆண்டில் முதன்முறையாக அவள் வலக்காலை ஓங்கி நிலத்தை ஓர் உதை உதைத்தாள். "எல்லாத்தையும் முழுங்குனியே, ஒன்னையாவது திருப்பிக் குடேன்!" என்று மண்ணைப் பார்த்துக் கத்தினாள். ஏழு வார மழையை ஒரு சொட்டும் விடாமல் உள்ளடக்கியிருந்த மண் அந்த மிதியில் வெண்ணெயாய் இளகிற்று. வேலிக்கு உட்பட்ட நிலம் முழுதும் ஒருமுறை சிலிர்த்து, மாடு எழுவதுபோல் பின்பக்கம் முதலில் எழுந்து, நடக்கத் தொடங்கியது. சுவாய் வேலிக்கு வெளியே குதித்துவிட்டான்.

தோட்டம் விரைந்து போகவில்லை. சந்தைக்குப் போகும் பெண்ணின் நடையில், வாழைகள் நிமிர்ந்து நிற்க, அடுப்பின் புகை கூரையில் கலையாமல் எழ, இறங்கியது. வழியில் போதகரின் முட்டைக்கோஸ் பாத்தி கிடந்தது. மண்ணுக்குப் பக்தியில்லை, முட்டைக்கோஸ்களை உருட்டிக்கொண்டே போயிற்று. மறுநாள் பிரசங்கத்துக்காகக் கல்லறையின் கல் புரண்டதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த போதகர் சாளரத்தில் தலை நீட்டி, மலை புரள்வதைக் கண்டு, கல்லைப் பற்றி எழுதியதை அடித்துவிட்டார். "ஐக்கா அக்கா, எங்க கெளம்பிட்டீங்க?" என்று சந்தைக்குப் போகும் பெண்கள் கேட்டார்கள். "அம்மா வீட்டுக்கு" என்றாள் ஐக்கா.

முனிசி அரிவாளும் கயிறுமாக முற்றத்தில் நின்றிருந்தான். முதலில் முட்டைக்கோஸ்கள் வந்தன. அடுத்து இசாலே வேலி வந்து, அவன் மார்புக்கு ஒரு முழத் தூரத்தில், ஒரு தழைகூடச் சாயாமல் நின்றது. அவன் அசையவில்லை, கைகளை இன்னும் இறுக்கிக்கொண்டான். பிடிவாதத்தில் அவன் காய்ந்த நீறுமண், நனைய மாட்டான். தோட்டம் நின்ற குலுக்கலில் வேலியோர வாழை ஒன்று மெல்லச் சாய்ந்தது. அதன் மறைவில் அமினியேல் லெமா, திருச்சபை மூப்பன், ஆடையை இடுப்புக்குமேல் சுருட்டிப் பிடித்துக் குந்தியிருந்தான். அரை மைல் தூரமும் அவன் அப்படியேதான் வந்திருந்தான். எழுந்திருக்கும் நிலையில் மண்ணும் இல்லை, அவனும் இல்லை.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாட்டைப் பாக்க வந்தேன் மச்சான்" என்றான் லெமா.

முனிசியின் வயிற்றுக்குள் ஏதோ இளகிற்று. முதலில் மூக்கில் ஒரு சீறல் வந்தது. பிறகு தோள்கள் குலுங்கின. பிறகு பதினேழு ஆண்டுச் சிரிப்பும் மொத்தமாக வந்தது. "மாடு... மாட்டுக்கு... வழி அடைக்கலியோ மாப்ளே!" என்று அவன் அலறினான். அரிவாள் விழுந்தது, கயிறு விழுந்தது, ஆடு ஓடியது. முறிந்து கூடிய கால் தாங்கவில்லை. கீழே விழாமலிருக்க எதையாவது பற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அவன் இரு கையாலும் பற்றியது இசாலேச் செடியை.

"புடிச்சிட்டான்! ரெண்டு கையாலயும் புடிச்சிட்டான்!" என்று பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்த சுவாய் கூவினான். கூவிய பிறகுதான் தன் இரண்டு சுரைக்குடுவைகளும் அவன் நினைவுக்கு வந்தன. ஆனால் சாட்சி சொல்லியாகிவிட்டது.

முனிசி தன் கைகளைப் பார்த்தான். செடியை விடவில்லை. "சரி, போ. பொறுத்தேன்" என்றான், மீண்டும் லெமாவைப் பார்த்து, மீண்டும் சிரித்தான்.

ஐக்கா வேலியைக் கடந்து வந்தாள். அண்ணனை ஏறிட்டும் பார்க்காமல், ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பின்புறம் போனாள். தந்தையின் கல்லறையைத் தேடினாள். அங்கே கல்லறை இல்லை. தோட்டத்தின் கீழ்மூலை வீட்டை வளைத்துப் போய்ப் பின்கட்டில் அடங்கியிருந்தது; தந்தை கிடந்த இடத்தின்மேல் ஓர் ஆள் உயரத்துக்கு அவளுடைய கருமண் மேடிட்டு, அதன்மேல் அவளுடைய வாழைகள் பதினொன்று நின்றிருந்தன. கையிலிருந்த பிடி மண்ணை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. நொண்டியபடி பின்னால் வந்த முனிசி அந்த மேட்டைப் பார்த்தான்.

"ஒரு கைப்பிடின்னுதானே கேட்ட?"

"ஆமாண்ணே."

"சின்னதுலேருந்தே இப்படித்தான். உனக்கு அளவே கெடையாது" என்று சொல்லி, கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். ஐக்கா அந்தப் பிடியையும் மேட்டின்மேல் இட்டு, உள்ளங்கையால் தட்டி அமர்த்தினாள். மண் இளகி, பின் இறுகி, அமர்ந்துகொண்டது.

அதற்கடுத்த பருவத்தில் அந்தத் தோட்டம் பதினேழு ஆண்டு விழுங்கியதையெல்லாம் ஒரே ஆண்டில் திருப்பிக் கொடுத்தது. முனிசியின் வாழைகள் ஒரு குலைக்கு இரண்டு ஆள் வேண்டும்படி காய்த்தன; காப்பி மூன்று முறை பூத்தது; போதகரின் முட்டைக்கோஸ்கள் உருண்டு நின்ற இடத்திலேயே வேர்விட்டுப் பருத்தன, ஒன்றைத் திருச்சபைக்குத் தூக்கிப் போகக் கழுதை தேவைப்பட்டது. நில அளவைக்கு வந்த அதிகாரி இரு குடும்பத்தாரையும் விசாரித்துவிட்டு, ரப்பரை எடுத்துத் தன் வரைபடத்தில் ஒரு கோட்டை அழித்து அரை அங்குலம் கீழே வரைந்தார். மேலே தோட்டம் இருந்த வெற்றிடத்தைக் காடு இரண்டு மழையில் எடுத்துக்கொண்டது. லெமாவை அன்று பார்த்த கோலத்தைப் பற்றி முனிசி ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை, பண்டிகை விருந்தில் மட்டும், எல்லோரும் அமைதியாக உண்ணும்போது, "மாடு நல்லாருக்கா மாப்ளே?" என்று கேட்பான். விலாப் பங்கு ஐக்காவுக்கும் எலும்பு நாய்க்கும் போயின.

பிறந்த வீட்டுக்குப் போகப் பதினேழு ஆண்டு தவங்கிடந்த ஐக்கா, அதன்பின் ஒரு நாளும் பிறந்த வீட்டுக்குப் போனதில்லை. பின்கதவைத் திறந்தால் அதுதான். போக வேண்டிய தேவை எழவில்லை. மழை ஏழாவது வாரத்தைத் தாண்டும் ஆண்டுகளில் இரு வீட்டாரும் சற்று மெதுவாகவே கால் வைத்து நடக்கிறார்கள்.