புள்ளிக்குப் பின் இரண்டு தட்டு

…கட்டைவிரல் தானாகத் தட்டிவிட்டது, முற்றுப்புள்ளி, ஒரு இடைவெளி, இன்னொரு இடைவெளி, நாற்பது வருஷப் பழக்கம், கை கேட்குமா... பெயர் போடவில்லை, ஆபீஸ் பிரிண்டரைத் தொடவில்லை, டொலீடோ நகரின் மறுகோடியில் இருக்கும் நூலகத்துக்குப் போய்த் தட்டினாள், இவ்வளவும் யோசித்த வாண்டா அந்த ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. சாட்சியின் வாக்குமூலத்தில் ஆபீஸின் பெரிய வக்கீல் ஹோல்காம்ப் தேதியை மாற்றினார் என்று வக்கீல்கள் மீதான புகார்களை விசாரிக்கும் குழுவுக்கு அவள் எழுதிய மொட்டைக் கடிதம், விளக்கம் கேட்டு அவர் மேசைக்கே நகலாக வந்துவிட்டது. காலையில் சின்ன வக்கீல் பிரென்ட் அதைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தான், "பேரு எதுக்கு சார்? புள்ளிக்கு அப்புறம் ரெண்டு இடம் விட்டிருக்கு பாருங்க. நம்ம ஆபீஸ்ல அப்படித் தட்டுறவங்க ரெண்டே பேருதான்." அவனோடு எத்தனை சண்டை, ஒரு இடம் போதும், டைப்ரைட்டரோட அந்தப் பழக்கமும் செத்துப்போச்சு என்பான், பக்கத்து மேசை டோட்டிதான் வாயடைப்பாள், "வாக்கியமும் மூச்சு விடணும் தம்பி, உன்ன மாதிரி ஓயாமப் பேசக் கூடாது." வாண்டா விழுந்து விழுந்து சிரிப்பாள். இப்போது டோட்டி ஹோல்காம்பின் அறைக்குள்ளே, கதவு சாத்தி இருபது நிமிஷம் ஆகிறது, போன மாதம் லீவுக்காக ஹோல்காம்போடு கத்தியவள், அதனால் முதலில் அவள்... டோட்டி புருஷனின் இதய மருந்து அவளுடைய ஆபீஸ் இன்சூரன்ஸில்தான் ஓடுகிறது, வேலை போனால் அதுவும் போச்சு, இது வாண்டாவுக்குத் தெரியாதா, எழுந்து போய்க் கதவைத் தட்டினால் என்ன, கால் ஏன் அசையவில்லை? விரல்கள் மட்டும் ஓடுகின்றன, புள்ளி, ஒரு இடம், புள்ளி, ஒரே ஒரு இடம், காலையிலிருந்து இப்படித்தான் தட்டுகிறாள்.

கதவு திறந்தது. டோட்டியின் கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. "ரெண்டுதான் தட்டுவேன், சாகுற வரைக்கும் ரெண்டுதான், அதுக்காக நான் எழுதினதா ஆயிடுமான்னு கேட்டுட்டேன். வீட்டுக்குப் போ, கூப்பிடுறோம்னுட்டாங்க. நீயே சொல்லு வாண்டா, நானாடி எழுதினேன்?"

"இல்ல" என்றாள் வாண்டா. அது உண்மைதான். டோட்டி தன் நாற்காலியிலிருந்து கோட்டை உருவி மாட்டிக்கொண்டு போய்விட்டாள், நாற்காலி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது... அன்று நூலகத்தில் அச்செடுக்கும் முன் இரண்டு தடவை படித்தாளே, இடைவெளிகள் கண்ணில் பட்டனவே, பிரென்டுக்காகத் தினமும் செய்கிற வேலை, ஒரே கட்டளையில் அத்தனை இரட்டை இடைவெளியும் ஒற்றையாகிவிடும், கைகூட அதற்குப் போனது, பிறகு விலகியது. ஏன் விலகியது? யோசிக்கவில்லை, யோசிக்கவில்லை என்று காலையிலிருந்து தனக்கே சொல்லிக்கொண்டிருந்தாள், அந்த நிமிஷம் மனதில் ஓடியது... ரெண்டு பேர் இருக்கிறோமே, சந்தேகம் டோட்டி மேலும் போகுமே என்பதுதானா?