சிக்னலைத் தாண்டிய முழங்கை

1.
இந்தக் கதை ஒரு முழங்கையிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். திருவொற்றியூர் டீக்கடையில் ஒருவர் போனை நீட்டி, "சார், இது என் கை மாரியா கீது?" என்று கேட்டார். அவர் ஓட்டுகிற கண்டெய்னர் லாரி சிவப்பு விளக்கைத் தாண்டிய போலீஸ் கேமரா படம். ஓட்டியவரின் முகம் தெரியவில்லை, ஜன்னலில் முழங்கை மட்டும். கேட்டவருக்கு வால்டர் என்று பெயர் வைத்தேன்.

வால்டர் கண்விழித்தபோது கடல்

(கடல் வேண்டாம். வடசென்னை என்றாலே கடலைத் திறந்துவிடுகிற புத்தி எனக்கு.)

2.
வால்டருக்கு நாளை ஜார்ஜ் டவுனில் கோர்ட்டு. அபராதம் கட்டினால் குற்றத்தை ஒத்துக்கொண்டதாகிவிடும். லைசென்ஸ் மூன்று மாதம் போகும், முதலாளி அன்றைக்கே வேறு டிரைவரை ஏற்றிவிடுவார். அதனால் வழக்காடுவது என்று முடிவு. எதைச் சொல்லி வழக்காடுவது?

துறைமுகத்துக்குப் போகும் லாரி வரிசை நகர்வதற்குள் நாள் போய்விடும். டீக்கோ குளிக்கவோ இறங்குகிறவர் சாவியை வண்டியிலேயே விட்டுப் போவார். வரிசை நகர்ந்தால் பின்வண்டிக்காரர் வந்து அதையும் நகர்த்திவைப்பார்.* படம் எடுத்த அன்று பின்னால் நின்றது கருணாகரன், இருபது வருடத் தோஸ்து. படத்தில் மணி பகல் 11.52. அன்று வால்டர் இரண்டு தடவை இறங்கினார். எப்போது திரும்ப ஏறினார் என்பதுதான் எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

* சாவியை விட்டு இறங்குவதே தப்பு என்று ஒரு வக்கீல் சொன்னார். அவரைக் கதைக்குள் விடவில்லை, குழப்பம் இருப்பதே போதும்.

3.
ராயபுரம் வீட்டில் ஒத்திகை. மனைவி ஐரீன் பூண்டு உரித்தபடி நீதிபதியாக உட்கார்ந்திருந்தாள். நான் ஓட்டவில்லை என்றார் வால்டர். அப்படியானால் யார் என்றாள் அவள். வால்டர் பூண்டுத் தோலைப் பொறுக்க ஆரம்பித்தார். கருணாகரனுக்கு ஏற்கெனவே ஒரு தடவை சஸ்பெண்ட் ஆகியிருக்கிறது. இன்னொன்று என்றால் லைசென்ஸே ரத்து.

ஐரீன் படத்தைப் பெரிதாக்கினாள். "யோவ், இது கருணா அண்ணன் கை."

(இங்கே 'வால்டர் துடித்துப்போனார்' என்று எழுதி அடித்துவிட்டேன். பொய். ஒரு நொடி அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்குத்தான் வெட்கப்பட்டார்.)

இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினாள். "இரு. உன்னுது மாரியும் கீது."

4.
காலையில் கருணாகரன் ஒரு லோடை விட்டுவிட்டுத் துணைக்கு வந்துவிட்டார். வால்டர் அந்தப் படத்தை அவரிடம் காட்டவேயில்லை. ஒன்றும் ஆகாது மாமு என்று கருணாகரன்தான் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, கோர்ட்டில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நீதிபதி நிமிர்ந்தார். "வண்டிய ஓட்டுனது நீங்கதானா?"

முடிவு அ: ஆமாம். லைசென்ஸ் போய் வால்டர் லாரியிலிருந்து இறங்குகிறார்.

முடிவு ஆ: இல்லை. கருணாகரன் இறங்குகிறார்.

முடிவு இ: தெரியவில்லை ஐயா. இதுதான் உண்மை. ஆறு தடவை எழுதிப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் நீதிபதி அதே கேள்வியைத் திரும்பக் கேட்

எதைத் தேர்ந்தெடுப்பது என்று நான் முழித்துக்கொண்டிருக்கும்போது கடைசி பெஞ்சில் கருணாகரன் எழுந்து நிற்கிறார். சத்தியமாக நான் எழுப்பவில்லை. வால்டர் அவரைப் பார்க்கவில்லை, பதில் சொல்ல வாயைத் திறந்துவிட்டார். பார்த்தது நீங்களும் நானும்தான். யாரை முதலில் பேசவிடப் போகிறீர்கள்?