ஆறு தட்டும் ஒரு டின்னும்

1

இந்தக் கதை என் மூக்குக்கண்ணாடியால் வந்தது. குச்சவெளி பஸ்ஸில் அதன் ஸ்குரூ ஒன்று விழுந்து தொலைந்தது. நூல் கட்டிப் பார்த்தேன், பசை பூசிப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். கடைசியில் யாரோ சொல்ல, பாலையூற்றில் சுஹைராவின் ஸ்குரூப் பட்டறைக்குப் போனனான். போன இடத்தில் கண்ணாடியை மறந்துவிட்டேன். அட, என்ன வேலை அது!

2

தொடக்கம் ஒன்று: “திருகோணமலைத் துறைமுகத்தின் நீல நீரில் காலைச் சூரியன்—”

(வேண்டாம். துறைமுகத்தைத் தொட்டால் கதை கப்பலேறிப் போய்விடும். எனக்கு வேண்டியது ஸ்குரூ.)

தொடக்கம் இரண்டு: “கணவனை இழந்த சுஹைரா, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மெஷினை—”

இதை அவளுக்கே வாசித்துக் காட்டினேன். மெஷினை நிற்பாட்டிவிட்டுச் சிரித்தாள்.

“என்ட மனுசன் கிண்ணியாவுல நல்லாச் சோறு திண்டுக்கிட்டு இருக்கார் அண்ணன். அவரை ஏன் மௌத்தாக்கினீங்க?”

3

ஆகவே கண்டதை எழுதுகிறேன்.

நெல்மணியை விடக் கொஞ்சம் பெரிய, துருப்பிடிக்காத இரும்பு ஸ்குரூகள். ஐம்பது துளையுள்ள பித்தளைத் தட்டில் அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தி இறுக்குகிறாள். மேலே மெல்லிய வட்டக்கத்தி சுழல்கிறது. தட்டைத் தள்ளத் தள்ள, வரிசை வரிசையாக ஒவ்வொரு தலையிலும் ஒரு வெட்டு விழுகிறது. ஸ்குரூ டிரைவரின் நுனி உட்காரும் இடம் அதுதான். இந்த இரும்பு சரியான பிடிவாதக்காரன். அவசரப்பட்டால் கத்தி உடையும். தயங்கினால் உரசி உரசி இன்னும் இறுகும். சுஹைரா சத்தத்தைக் கேட்டே தள்ளுகிறாள். அந்தக் காதை நான் வணங்குகிறேன்.

தட்டு முடிந்ததும் கடைசி ஸ்குரூவின் வெட்டில் ஒரு சின்ன இரும்புத் தகட்டைச் செருகிப் பார்ப்பாள். தகடு தலைக்கு மேலே தெரிந்தால் சரி. உள்ளே அமிழ்ந்தால் வெட்டு ஆழம் கூடிவிட்டது, அழுத்தம் வந்தால் தலை பிளக்கும். பார்த்த பிறகுதான் தட்டு டின்னுக்குப் போகும். ஒரு தட்டுக்கு ஒரு டின்.*

* ஏன் கலக்கக்கூடாது என்று கேட்டேன். “பிழை வந்தா எந்தத் தட்டு எண்டு தெரியணுமே” என்றாள்.

4

ஒருநாள் கலந்தாள்.

சல்லிக் கிராமத்தில் சசிகரன் என்று ஒருவர் கடலுக்கடியில் சுழியோடுகிறவர்களின் மூச்சுக்கருவிகளைத் திருத்துகிறவர். அன்று பின்னேரம் மோட்டார் சைக்கிளின் என்ஜினை நிற்பாட்டாமலே வாசலில் நின்றார். “அக்கா, கெதியாத் தாங்கோ!” சுஹைரா ஆறு தட்டையும் ஒரே டின்னில் கொட்டி, மண்ணெண்ணெயில் அலசி, தகடு போட்டுப் பார்க்காமலே இருபதை அள்ளிக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் காலை மனம் கேட்கவில்லை. மிச்சம் இருநூற்றெண்பதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பதினொன்றில் தகடு அமிழ்ந்தது. மெஷினில் வெட்டின் ஆழத்தைப் பிடித்து வைக்கிற பூட்டு இடையில் எப்போதோ இளகியிருக்கிறது. எந்தத் தட்டில்? அந்த டின் என்ன சொல்லும்?

உடனே சசிகரனுக்குப் போன் எடுத்தாள்.

“ஒண்டுதான் பூட்டினனான் அக்கா. நிப்றாஸின்ரை கருவியிலை. அவன் கடலட்டை பிடிக்க விடியவே குச்சவெளியாலை போயிட்டான்.”

“அல்லாஹ்வே!”

“அது பிழையான ஸ்குரூ எண்டு என்ன நிச்சயம்? பேசாம இருங்கோ. வெளியிலை தெரிஞ்சா ஆர் உங்களிட்டை வேலை தருவினம்?”

(இந்த இடத்தில் எழுத்தாளன் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். நானாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். நூற்றுக்கு நாலு என்று கணக்குப் போட்டு மனதைத் தேற்றியிருப்பேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.)

5

முடிவு ஒன்று: நிப்றாஸ் சிரித்துக்கொண்டே கரையேறினான். அவன் கருவியில் இருந்தது நல்ல ஸ்குரூ.

முடிவு இரண்டு: நிப்றாஸ்—

இரண்டாவதை எழுதக் கை வரவில்லை. முதலாவதை மட்டும் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். இம்முறை சுஹைரா சிரிக்கவில்லை.

“அவர் நல்லா வந்துட்டார் எண்டு எழுதினா, சசிகரன் தம்பி சொன்னது சரி, பேசாம இருந்திருக்கலாம் எண்டு ஆகிடும். வரல்ல எண்டு எழுதினா, நாளைக்கு இன்னொருத்தர் பிழையச் சொல்லப் பயப்படுவார். ரெண்டும் வேணாம்.”

“அப்ப கதையை எங்கை முடிக்கிறது?”

“நான் படகுக்குப் போன் எடுத்த இடத்துல.”

நிப்றாஸுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். நீங்கள் தலைகீழாக நின்றாலும் சொல்ல மாட்டேன். வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கீழே உள்ளதை வாசித்த பிறகு.

6

நிப்றாஸ் போன படகை ஓட்டும் ஜவாஹிர் நானாவின் (நானா என்றால் அண்ணன்) இலக்கத்தைச் சசிகரனிடமே கேட்டு வாங்கினாள். முதல் தரம் சிக்னல் இல்லை. இரண்டாம் தரமும் இல்லை. மூன்றாம் தரம் காற்றுக்குள்ளே ஒரு குரல்.

“ஆரு?”

“ஜவாஹிர் நானா, நான் பாலையூற்று சுஹைரா. நிப்றாஸ் எங்க?”

“இப்பதான் கீழ இறங்கினான். ஏன்?”

“அவர்ட கருவியில இருக்கிற ஸ்குரூ பிழையா இருக்கலாம். கயிற இழுத்து மேல எடுங்க.”

“ஸ்குரூவா? ஆர்ர பிழை?”

இந்தக் கேள்விக்கு வாய் திறக்கும்போது அவளுக்கு ஒன்றும் தெரியாது. நிப்றாஸ் வருவானா, நாளைக்கு ஒருவராவது வேலை கொண்டு வருவாரா, ஒன்றுமே.

“என்ட பிழை நானா. இழுங்க.”