மழை டீச்சர்

புஷ்பலதாவுக்கு ஊர் வைத்த பேர் மழை டீச்சர். அவள் டீச்சரும் இல்லை, அவள் சொன்ன மழை வந்ததும் இல்லை. போன வாரம் "சாயங்காலம் கொட்டப்போவுது" என்று அவள் கூவியதை நம்பி, களத்தில் காய்ந்த நெல்லையெல்லாம் அடித்துப் பிடித்து வாரிக் குவித்துப் படுதா போட்டார்கள். ஒரு சொட்டு விழவில்லை. புவியியல் படித்த மருமகள் என்று பீற்றிக்கொண்டிருந்த மாமியார் ரத்தினம்மாள், அப்புறம் வெளியே தலைகாட்டவே இல்லை.

இன்று மறுபடியும் நெல் காய்ந்தது. திருத்தணி மலை வெயிலில் தகித்தது. மேற்கே ஆந்திரா பக்கமிருந்து மேல்காற்று அனலாக வீசியது. புஷ்பலதா கடல் இருக்கும் கிழக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கும் தப்பாகச் சொன்னால் இனி அவள் பேச்சை நாய்கூட மதிக்காது. சொல்லாமல் இருந்து மழை வந்துவிட்டாலோ, ஊர் நெல்லெல்லாம் முளைவிட்டுப் போகும்.

"இன்னா தங்கச்சி, இன்னைக்கும் மழையா?" என்றான் தணிகைவேல். அவள் கணவன் ஆனந்தனுடைய அக்கா வீட்டுக்காரன். கிண்டல் கிடைத்தால் அவனுக்குச் சோறு வேண்டாம்.

"தெரியலண்ணா. மேல்காத்து சூடா, வறண்டு கீது. கடல்காத்து ஈரமா, கனமா வரும். அது இங்க வந்து மோதினா, அடியில பூந்து சூட்டுக்காத்த மேல தூக்கிடும். அப்பதான் இடி, மழை எல்லாம். போன வாரம் கடல்காத்து திருவள்ளூரோட நின்னுபோச்சு."

"பஸ்ஸு கெடைக்கல போல!"

களமே சிரித்தது. ஆனந்தன் மட்டும் மச்சானைப் பார்த்து, "சும்மா இருங்க பாவா" என்றான். புஷ்பலதா உட்கார்ந்து நெல்லைக் கிளறத் தொடங்கினாள்.

சிரித்து முடித்த தணிகைவேல் மூக்கைச் சுளித்தான். "சே! இன்னாடா இது, சக்கர ஆலை நாத்தம் இங்க வந்துகினு கீது?"

புஷ்பலதா விருட்டென்று எழுந்தாள். சர்க்கரை ஆலை இருப்பது கிழக்கே, திருவாலங்காட்டுப் பக்கம். மேல்காற்று வீசும்போது அந்த நாற்றம் இங்கே எப்படி வரும்? காற்று திரும்பிவிட்டது! கடல்காற்று வந்தேவிட்டது!

"வாருங்க! நெல்ல வாருங்க!" தொண்டை கிழியக் கத்தினாள்.

யாரும் அசையவில்லை. ஆனந்தன் மட்டும் பலகையை எடுத்து நெல்லைத் தள்ளத் தொடங்கினான். ஒரு வாரமாக வெளியே வராத ரத்தினம்மாள், கத்தல் கேட்டு ஓடிவந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு களத்தில் இறங்கினாள். "என் மருமவ சொல்றா இல்ல? இன்னாத்துக்கு மரமாட்டம் நிக்கிறீங்க?" அந்த வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் குனிந்தார்கள். படுதா கொண்டுவராத ஒரே ஆள் தணிகைவேல். புஷ்பலதா தங்கள் படுதாவில் பாதியை அவன் நெல்லின் மேல் இழுத்துவிட்டாள்.

வெறும் வானத்தில், தலைக்கு நேர் மேலே மேகம் முளைத்துக் கிடுகிடுவென வளர்ந்தது. மலைக்கோயில் மறைந்தது. அப்புறம் இடித்த இடி என்ன, கொட்டின கொட்டு என்ன, அப்பப்பா!

எல்லோரும் மோட்டார் கொட்டகையில் ஒண்டினார்கள். பொதட்டூர்பேட்டைச் சொந்தக்காரர் ஒருவரிடமிருந்து தணிகைவேலுக்குப் போன் வந்தது.

"ஆங், செம மழை! நெல்லா? ஒரு மணி நனையல. போன்ல வானிலை பாத்து வாரினோமாவா? போனு எதுக்குயா? எங்க தங்கச்சி கீது, மழை டீச்சர்!"

அதே பேர்தான். இந்தத் தடவை புஷ்பலதா நிமிர்ந்து நின்று கேட்டுக்கொண்டாள்.