விழித்த நிலையில்

ஸ்கேன் பிரிவில் அவளுக்கு வைத்த பெயர் உம்மணாமூஞ்சி. அது அவளுக்கும் தெரியும். காதில் விழாத மாதிரி இருந்துகொள்வாள். மூளையின் ரத்தக்குழாய்களை ஒலியால் பார்ப்பது அவள் வேலை. காதுக்கு முன்னால், எலும்பு மெலிந்த இடத்தில் கருவியின் முனையை வைத்தால், உள்ளே ரத்தம் ஓடுவது ‘உஷ் உஷ்’ என்று கேட்கும். வேகம் திரையில் எண்ணாக வரும். நடுவில் யாரும் பேசக்கூடாது. பேச்சு அவளுக்கே ஆகாது என்பது வேறு விஷயம்.

அன்று வந்து வாய்த்ததோ ஆறு வயது வாயாடி. பிறவியிலேயே ரத்த அணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துபோகும் நோய். கூட வந்த அப்பா பஸ் டிரைவர். வேகம் நொடிக்கு இருநூறு சென்டிமீட்டரைத் தொட்டால் பக்கவாதம் வரலாம், அதைத் தடுக்க மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டும், வருடக்கணக்கில். அந்த மனிதருக்கு இதெல்லாம் மனப்பாடம்.

“நான் நினைக்கிறதெல்லாம் இந்த மெஷினுக்குத் தெரியுமா?” என்றது குழந்தை.

“பேசினா ஒண்ணும் தெரியாது. வாய மூடிட்டு ஆடாம படு.”

மூடிக்கொண்டது. மங்கலான விளக்கு, குளுகுளு அறை. வருகிற பிள்ளைகளெல்லாம் இப்படிச் சமர்த்தாக இருந்தால் என்ன என்று நினைத்துக்கொண்டே அளந்தாள். இருநூற்றாறு. மறுபடியும் அதே இருநூற்றாறு.

எட்டிப் பார்த்த டிரைவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “ஊசியப் பாத்தாலே கத்துவா மேடம். மாசாமாசம் எப்படி...”

அவள் குழந்தையைப் பார்த்தாள். லேசான குறட்டை. அவளுக்குப் பகீரென்றது. தூக்கத்தில் மூச்சு குறையும். அதனாலேயே மூளைக்கு ரத்தம் வேகமாகப் பாயும். குழந்தை விழித்திருக்க வேண்டும் என்பது இந்த வேலையில் முதல் நாள் பாடம். அதை மறந்த புதுசுகளை அவளே வெளுத்து வாங்கியிருக்கிறாள். எதற்கும் இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று சொல்லி மழுப்பிவிடலாம். யாருக்கும் தெரியாது. வெட்கமாக இருந்தது.

குழந்தையை எழுப்பினாள். இனி அது தூங்கவும் கூடாது, பேசவும் கூடாது. வேறு யாராவதுதான் பேச வேண்டும். டிரைவர் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு ஊர்ல ஒரு அத்தை இருந்தா,” என்று ஆரம்பித்தாள். கையில் கருவி, கண் திரையில். “யார் பேசினாலும் அவளுக்குப் பிடிக்காது. ஒரு குட்டிப் பொண்ண வாய மூடச் சொன்னா. அது தூங்கிப்போச்சு. தூங்கினா வேகம் ஏறும்னு அத்தைக்கு நல்லாவே தெரியும். கவனிக்கல. அவ பாட்டுக்கு அளந்து, அவங்க அப்பாவ பயமுறுத்திட்டா.”

டிரைவர் நிமிர்ந்தார். அவள் திரும்பவில்லை. நூற்று எண்பத்திரண்டு. மூன்று தடவையும் அதேதான்.

“இருநூறுக்குக் கீழ. ஆனா கவலையே இல்லன்னு சொல்ல மாட்டேன். சீக்கிரமே திரும்பப் பாக்கணும். மத்தத டாக்டர் சொல்லுவார்.”

“நீங்க கவனிக்காமலே விட்டிருந்தா?”

“ரத்தம் ஏத்த எழுதியிருப்பாங்க. என் தப்பு.”

அவர் முகம் இறுகிக் கிடந்தது. பழைய எண்ணுக்குப் பக்கத்தில் ‘தூக்கத்தில் எடுத்தது, என் பிழை’ என்றும், புதியதற்குப் பக்கத்தில் ‘விழித்த நிலையில்’ என்றும் அவள் எழுதினாள்.

காதோரம் தடவியிருந்த ஜெல்லைத் துடைத்துக்கொண்டே குழந்தை அப்பா பக்கம் திரும்பியது. “அந்த அத்தை மோசம்ப்பா.”

டிரைவர் அவள் எழுதியிருந்ததைப் படித்தார்.

“மோசந்தான்,” என்றார். “ஆனா சொல்லிட்டா இல்ல.”